ரெட் அலர்ட் விளையாட்டை இன்றைய கணினியில் இயக்குவது எப்படி?

வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் உருவாக்கி 1996இல் வெளிவந்த 'கமாண்ட் அண்ட் கான்கர்: ரெட் அலர்ட்' விளையாட்டின் பழைய குறுந்தகட்டைத் தேடி எடுத்து இன்றைய கணினியில் போட்டால், பல நேரங்களில் அதை நிறுவவே முடிவதில்லை, எப்படியோ நிறுவிவிட்டாலும் கருந்திரையோ கலைந்த நிறங்களோ வந்து நிற்கும். குறுந்தகடு கெட்டுப்போனது என்று எண்ணிப் பலர் அத்துடன் விட்டுவிடுகிறார்கள் என்பதால், காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அக்காலத்து நிறுவல் நிரல்களில் பல 16 பிட் முறையில் எழுதப்பட்டவை. இன்றைய கணினிகளிலுள்ள 64 பிட் விண்டோஸ் அவற்றை இயக்காது. பழைய நிரல்களுக்கென விண்டோஸில் உள்ள இணக்கப் பயன்முறையில் 'விண்டோஸ் 95' என்று தேர்ந்தெடுத்தாலும் இது மாறாது. அடுத்தது திரை. இந்த விளையாட்டு 256 நிறங்கள் மட்டுமே கொண்ட திரையை டைரக்ட்டிரா என்னும் பழைய வரைகலை வசதியின் வழியாகக் கேட்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிற அட்டவணையின் வரிசை எண்ணைத்தான் அது குறித்துக் கொடுக்கும். இடையில் வேறொரு நிரல் அந்த அட்டவணையை மாற்றிவிட்டால், எண் சரியாக இருந்தும் நிறம் தவறாகிவிடும்.

தொடக்கநிலையினருக்கு நான் பரிந்துரைப்பது ஓப்பன்ஆர்ஏ. இது விளையாட்டின் இயக்கப்பொறியைப் புதிதாக எழுதிய கட்டற்ற மென்பொருள்; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது.

1. ஓப்பன்ஆர்ஏ திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் உங்கள் இயங்குதளத்துக்கு உரிய பதிப்பைப் பதிவிறக்கி நிறுவுங்கள்.

2. ஓப்பன்ஆர்ஏயில் ரெட் அலர்ட்டைத் திறந்ததும், விளையாட்டுக் கோப்புகள் இல்லை என்று அது கூறும். 'குயிக் இன்ஸ்டால்' என்பதை அழுத்தினால் தேவையான கோப்புகளை அதுவே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். விளையாட்டின் உரிமையைக் கொண்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2008இல் ரெட் அலர்ட்டை இலவசமாக வெளியிட்டதால் இதில் தயங்க எதுவும் இல்லை. பணிகளுக்கு இடையே வரும் படக்காட்சிகள் இதில் சேராது. அசல் குறுந்தகடு இருந்தால் அதிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம்.

3. சுட்டியின் முறையைக் கேட்கும்போது 'கிளாசிக்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், பழையபடி இடது பொத்தானிலேயே படைகளுக்குக் கட்டளையிடலாம்.

ஆனால் ஓப்பன்ஆர்ஏ அசல் விளையாட்டின் நகல் அன்று. படைகளை வரிசையில் நிறுத்தித் தயாரிக்கலாம். போரில் வென்ற வீரர்கள் அனுபவத்தால் வலுப்பெறுவார்கள். ஒருமுறை பார்த்த நிலத்தையும் போர் மூட்டம் மறுபடி மறைக்கக்கூடும். இவை எவையும் அசலில் இல்லை. புதிதாகக் கற்பவருக்கு இந்த மாற்றங்கள் உதவும் என்பதே என் கருத்து; சிறுவயதில் ஆடிய அதே விளையாட்டைத் தேடுபவருக்கோ இது வேறொன்றாகவே தோன்றும்.

அப்படித் தேடுபவர்கள் சிஎன்சிநெட் தளத்திலுள்ள ரெட் அலர்ட்டை நிறுவலாம். அசல் நிரலையே இன்றைய விண்டோஸுக்கு ஏற்பச் சீர்செய்து, பழைய நிறுவல் நிரலின் தேவையே இல்லாமல் அங்கே தருகிறார்கள்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 (1999) போன்ற வேறு பழைய விளையாட்டுகள் நிறுவப்பட்டும் நிறம் கலைந்து தெரிந்தால், சிஎன்சி-டிடிரா என்னும் கட்டற்ற மென்பொருளின் தொகுப்பைப் பதிவிறக்கி, அதிலுள்ள கோப்புகளை விளையாட்டின் முதன்மை நிரல் இருக்கும் கோப்புறைக்குள் இடுங்கள். விளையாட்டு டைரக்ட்டிரா கோப்பைத் தன் கோப்புறையில்தான் முதலில் தேடும். அங்கே இது கிடைத்துவிடுவதால் விண்டோஸிலுள்ள கோப்பை நாடாது. விளையாட்டின் பழைய வரைகலைக் கட்டளைகளை இது ஓப்பன்ஜிஎல் அல்லது டைரக்ட்3டி என்னும் பிற வரைகலை வசதிகளின் கட்டளைகளாக மாற்றிக் கொடுக்கும். உடன் வரும் அமைப்புக் கோப்பை நோட்பேடில் திறந்து 'மெயின்டாஸ்' (maintas) என்ற வரியை 'ட்ரூ' (true) என மாற்றிச் சேமித்தால், அகன்ற திரையில் படம் பக்கவாட்டில் இழுபடாமல் உரிய விகிதத்தில் நிற்கும். பிறகு விளையாட்டைத் திறந்து ஆல்ட், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். முழுத்திரை சாளரமாக மாறினால் புதிய கோப்பு வேலை செய்கிறது, மாறாவிட்டால் கோப்பை வேறு கோப்புறையில் இட்டிருக்கக்கூடும்.