ஓராண்டின் பிடித்த படங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி: 2024-ஐ முன்வைத்து ஒரு காவிரி டெல்டா ரசிகரின் வழிமுறை

மார்கழிக் காலையில் வலங்கைமான் கடைத்தெருவில் தேநீருக்கு நிற்கும் நாலு பேரிடம், முடியப்போகும் ஆண்டில் தங்களுக்குப் பிடித்த படம் எது என்று கேட்டால், நாலு பேரும் தீபாவளியை ஒட்டி வந்த படத்தையே சொல்வார்கள். ஆடிக்கு முன்னால் வந்தவை பேச்சில்கூட எழாது. அவை மோசமான படங்கள் என்பதல்ல காரணம். கடைசியாகப் பார்த்ததுதான் கண்ணில் நிற்கிறது. எனவே பிடித்த படங்களின் பட்டியலை டிசம்பர் மாதத்தில் உட்கார்ந்து யோசித்து எழுத முடியாது என்பதையும், அது ஜனவரியிலேயே தொடங்க வேண்டிய வேலை என்பதையும் பல ஆண்டுகள் தவறாகப் பட்டியல் போட்ட பிறகே நான் புரிந்துகொண்டேன்.

முதலில் ஆண்டின் எல்லையை வரையறுத்துக்கொள்ள வேண்டும். திரையரங்கில் வெளியான தேதியா, நாம் பார்த்த தேதியா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், 2024 டிசம்பர் 20-ஆம் தேதி வெளியான ‘விடுதலை பாகம் 2’ போன்ற படத்தைப் பொங்கல் விடுமுறையில் பார்த்தவர் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தடுமாறுவார். வெளியான தேதியையே நான் கணக்கில் கொள்கிறேன். தாமதமாகப் பார்த்த படங்களுக்காகத் தை மாதம் முடியும் வரை பட்டியலை மூடுவதில்லை.

அடுத்தது நோட்டுப் புத்தகம். நடவுக் கூலியும் உர விலையும் எழுதும் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து தொடங்கிப் படக் கணக்கை எழுதிவருகிறேன். படம் பார்த்த இரவே தேதி, ஊர், உடன் வந்தவர், மனத்தில் நின்ற ஒரே ஒரு காட்சி ஆகிய நான்கை மட்டும் எழுதினால் போதும். நட்சத்திரமோ மதிப்பெண்ணோ அன்றிரவு போடக் கூடாது. ஐந்தாவதாக, அன்றைக்கு நாம் இருந்த நிலையையும் ஒரு சொல்லில் குறித்து வைப்பது நல்லது. 2024-இல் வழக்கமான ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். ஜூன் 14 அன்று ‘மகாராஜா’ வெளியானபோது, ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியிருந்த எங்களைப் போன்றவர்கள் குறுவைச் சாகுபடி இல்லாமல் வீட்டில் இருந்தோம். அந்தப் படத்தை நான் இரண்டு முறை பார்த்ததற்குப் படத்தின் திறமை பாதி, வேலையின்மை மீதி. அதே படத்தைச் செப்டம்பரில் சம்பா நடவுக்கு ஆள் தேடி அலைந்த வாரத்தில் பார்த்திருந்தால் இடைவேளையிலேயே தூங்கியிருப்பேன். இப்படியொரு குறிப்பு இல்லாவிட்டால், நமக்கு வாய்த்த ஓய்வைப் படத்தின் சிறப்பாக எண்ணிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

திரையரங்கின் குறையையும் படத்தின் குறையையும் பிரித்து எழுதுவதும் இதே வகையைச் சேர்ந்தது. ஆகஸ்ட் 23 அன்று வெளியான பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ பின்னணி இசையே இல்லாத படம். ஆட்டோவின் இரைச்சலும் சேவலின் சத்தமும் மனிதர் மூச்சும்தான் அதற்கு இசை. நான் பார்த்த அரங்கில் இடப்பக்கத்து ஒலிபெருக்கி ஒன்று படம் முழுவதும் கரகரத்துக்கொண்டிருந்தது. ஆரவாரமான படமாக இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எரிச்சலோடு வெளியே வந்தவன் ‘சுமார்’ என்று எழுதியிருப்பேன். ஆனால் நோட்டில் இருந்தது ஒரு காட்சிதான்: பாதையை மறித்து நிற்கும் காளையின் முன்னால் ஆண்கள் எல்லாரும் செய்வதறியாமல் நிற்க, ஒரு சிறுமி வந்து அதை ஓட்டிச் செல்கிறாள். அந்த ஒரு வரிக்காகவே மாதங்கள் கழித்து வீட்டில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். படம் என் பட்டியலின் தலைக்கு ஏறியது.

மூன்றாவது வேலை காயவிடுதல். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நெல்லைச் சாதாரணமாக எடுக்க மாட்டார்கள். களத்தில் கொட்டிக் காயவைத்துத்தான் திரும்பக் கொண்டுபோக வேண்டும். படத்துக்கும் ஒரு மாதமாவது அந்த அவகாசம் வேண்டும். மாதம் கழிந்த பின் நோட்டைத் திறக்காமல், அந்தப் படத்தில் நினைவில் இருப்பதை ஒரு தனித்தாளில் எழுதி, பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். கதைத் திருப்பம் மட்டும் எஞ்சியிருந்தால் அது ஒரு முறைக்கான படம். ஒரு முகமோ, ஒரு வாசலோ, யாரோ சாப்பிட்ட விதமோ எஞ்சியிருந்தால் அதைப் பட்டியலில் ஏற்றலாம்.

இனி, எங்கள் பகுதிக்காரர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டிய இடம். செப்டம்பர் 27 அன்று வெளியான ச. பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன ஒருவர், பல ஆண்டுகள் கழித்து நீடாமங்கலத்தில் நடக்கும் ஒரு திருமணத்துக்கு வந்து, தன்மேல் பாசத்தைக் கொட்டும் ஓர் உறவினரின் பெயரே நினைவுக்கு வராமல் தவிக்கும் கதை. திரையில் நீடாமங்கலம் என்று கேட்டவுடனேயே, அந்த ஊர் ரயில்வே கேட்டில் வாழ்நாளில் எத்தனையோ மணி நேரம் காத்துக் கிடந்த எங்கள் கூட்டம் கை தட்டியது. அந்தக் கைத்தட்டல் படத்துக்குரியதன்று, ஊருக்குரியது. இந்த இரண்டையும் பிரிக்க நான் கையாளும் சோதனை ஒன்றுண்டு: படத்தின் ஊர்ப்பெயர்களை மனத்துக்குள் மாற்றிப் பார்ப்பது. தஞ்சாவூருக்குப் பதில் திருநெல்வேலி, நீடாமங்கலத்துக்குப் பதில் அம்பாசமுத்திரம் என்று வைத்துக்கொண்டு கதையை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஆறும் வயலும் தந்த இன்பம் கொஞ்சம் வடிந்தது; ஆனால் விட்டுச் சென்ற பழைய சைக்கிள் ஒன்று இன்னொரு குடும்பத்தைக் கரையேற்றிய செய்தி கேட்டு அரவிந்த்சாமி நிலைகுலையும் இடம் அசையவில்லை. கொடுத்தவருக்கு நினைவே இல்லாத ஒரு பொருளைப் பெற்றவர் பூசை செய்யாத குறையாக வைத்திருப்பது எந்த ஊரிலும் நடப்பதுதான். படம் சோதனையில் தேறியது.

இதே படத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெளியான சில நாட்களில் நீளம் கருதி 18 நிமிடங்களுக்கும் மேல் குறைத்தார்கள். அக்டோபர் 25 அன்று, அதாவது சரியாக 28 நாட்களில், நெட்ஃபிளிக்ஸுக்கும் வந்துவிட்டது. எனவே பிடித்தது என்று சொல்பவர் எந்த வடிவத்தைப் பார்த்தார் என்பதையும் எழுத வேண்டும். நான் முதல் வாரத்து முழு வடிவத்தைப் பார்த்தவன். அதில் பேச்சு நீளம்தான். ஆனால் கல்யாண வீட்டுக்கு வந்தவரை இரவு முழுக்கத் தூங்கவிடாமல் பேசும் சொந்தக்காரரை எங்கள் ஊரில் யாரும் பாதியில் வெட்டிவிட முடியாது என்பதால், அந்த நீளத்தைப் படத்தின் இயல்பாகவே ஏற்றுக்கொண்டேன்.

நம் மண்ணைச் சேராத படங்களுக்கு நேர்மாறான உதவி தேவை: அவற்றை நம் அனுபவத்தோடு பொருத்திப் பார்க்க ஒரு கண்ணி தேட வேண்டும். தெருக்கூத்தில் பெண் வேடமே கட்டிவந்த ஒருவர் அருச்சுனன் வேடத்துக்கு ஏங்கும் ‘ஜமா’ திருவண்ணாமலைப் பக்கத்துக் கதை. எனக்குக் கூத்துப் பழக்கம் இல்லை. ஆனால் தஞ்சாவூர் மாவட்டத்து மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவில் ஆண்களே பெண் வேடம் புனைவதைப் பார்த்திருக்கிறேன். பட்டுப்புடவையில் நின்றவர் விடிந்ததும் வேட்டியோடு பேருந்துக்கு நின்ற காட்சி நினைவுக்கு வந்தபோதுதான் அந்தப் படம் எனக்குத் திறந்தது. மாரி செல்வராஜின் ‘வாழை’க்கு இவ்வளவு சுற்று வேண்டியிருக்கவில்லை. திருவையாற்றுப் பக்கம் வாழைத்தார் ஏற்றும் லாரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, தோளில் தாரோடு வரப்பில் நடக்கும் சிறுவனின் கழுத்து எப்படி நோகும் என்பது சொல்லாமலே தெரியும்.

வரிசைப்படுத்தும்போது பத்துப் படங்களை ஒரே நேரத்தில் எடை போடாமல், இரண்டிரண்டாக எதிர்நிறுத்தி, இன்றிரவு ஒன்றைத்தான் மறுபடி பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘வாழை’யையும் தமிழரசன் பச்சமுத்துவின் ‘லப்பர் பந்து’வையும் இப்படி நிறுத்தியபோது இந்த வழிமுறையே தடுமாறியது. அறுவடை முடிந்த தாள் வயலில் மட்டை பிடித்த எவருக்கும், விஜயகாந்த் பாட்டோடு களமிறங்கும் ‘கெத்து’ தினேஷைப் பத்து முறை பார்க்கத் தோன்றும். ‘வாழை’யை மறுபடி பார்க்கத் துணிவு வேண்டும். மறுபடி பார்க்கும் ஆசை ஒன்றே அளவுகோலானால், வலிக்கும் படங்கள் எப்போதும் தோற்கும். ஆகவே சமநிலை வந்தால் இரண்டாவது கேள்வி ஒன்றைச் சேர்த்தேன்: எந்தப் படம் மறுநாள் காலை வேலையின்போது கூடவே வந்தது? அதில் ‘வாழை’ வென்றது.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரே வரியில் காரணம் எழுதுங்கள். அதில் கதைச்சுருக்கம் வேண்டாம், வசூல் கணக்கும் வேண்டாம். எண்ணிக்கை ஐந்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. பத்து என்று வைத்தால் கடைசி நான்கும் மரியாதைக்காகச் சேர்ந்தவையாகிவிடும்.

என் பட்டியல் மார்கழி நடுவில் ‘கொட்டுக்காளி’, ‘வாழை’, ‘மெய்யழகன்’, ‘லப்பர் பந்து’, ‘ஜமா’ என்று நின்றது. ஐந்தாவதை மட்டும் பென்சிலால் எழுதுவது வழக்கம். மார்ச் 8 அன்று வெளியாகி, எங்கள் பக்கத்து அரங்குகளில் நான் தவறவிட்ட ‘ஜெ பேபி’யைப் பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் அம்மாவோடு வீட்டில் பார்த்தேன். காணாமல்போய்க் கொல்கத்தாவில் இருக்கும் தாயாக ஊர்வசி வந்த காட்சிகளில் அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. படம் முடிந்ததும் எழுந்து போய், வெளியூரில் இருக்கும் என் தம்பிக்குத் தொலைபேசியில் அழைத்தார். ‘ஜமா’வை அழித்துவிட்டு, ஒரு மாதம் காயட்டும் என்று அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.