சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களின் உண்மையான பிக்-அப்பை மதுரைச் சாலைகளில் ஒப்பிடுவது எப்படி?

சிறிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை அது எத்தனை விநாடியில் எட்டும் என்பதைத்தான். மதுரையில் கார் வைத்திருப்பவருக்கு அந்த எண் ஒருமுறைகூடப் பயன்படாமல் போகலாம். உசிலம்பட்டிச் சாலையில் வைக்கோல் பாரம் வலப்பக்கம் பிதுங்கி நிற்க 40 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும் லாரியை, எதிரே பேருந்து வருவதற்குள் முந்திவிட முடியுமா என்பதே இங்கு ஒவ்வொரு நாளும் எழும் கேள்வி. அதற்கு விளம்பரத் தாளில் விடை கிடையாது. நாமே அளந்து பார்த்தால்தான் உண்டு. அதைப் பாதுகாப்பாகவும், பிறர் பார்த்தாலும் ஒப்புக்கொள்ளும்படியும் செய்யும் முறையை, இதுவரை எந்த வண்டியையும் அளந்து பார்க்காதவருக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: தாளில் உள்ள எண்களைச் சரியாகப் படியுங்கள்

பிஎஸ் என்று போட்டிருக்கும் குதிரைத் திறனை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அதற்கு அடுத்த வரியில் டார்க் எனப்படும் முறுக்கு விசை எவ்வளவு என்பதும், அது எந்த ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழலும்போது, கிடைக்கிறது என்பதும் இருக்கும். 2021இல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைனின் 1.0 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி ஊட்டும் கருவி பொருத்திய) எஞ்சின் 120 பிஎஸ் திறனும், 1500 முதல் 4000 ஆர்பிஎம் வரை 172 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தருகிறது. 2024 ஜூனில் வந்த டாடா ஆல்ட்ரோஸ் ரேசரும் அதே 120 பிஎஸ்தான். அதன் டார்க் 170. 2024இல் வந்த புதிய மாருதி ஸ்விஃப்டில் டர்போ கிடையாது. அதன் 1.2 லிட்டர் எஞ்சின் 82 பிஎஸ் திறனையும், 4300 ஆர்பிஎம்மில் 112 நியூட்டன் மீட்டர் டார்க்கையும் தருகிறது. 2022இல் விற்பனை நின்றுபோனாலும் பழைய கார்ச் சந்தையில் இன்றும் தேடப்படும் ஃபோக்ஸ்வேகன் போலோவின் 1.0 டிஎஸ்ஐ எஞ்சினுக்கு 110 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர். ஆக, ஸ்விஃப்டை 4300 வரை மிதித்தால் வரும் இழுவையை விட அதிகமான இழுவை, டர்போ வண்டிகளில் அதில் பாதிக்கும் குறைவான சுழற்சியிலேயே வந்துவிடுகிறது.

இதோடு எடையையும் சேர்த்துப் பாருங்கள். ஆர்சி அட்டையில் காலி எடை அச்சிடப்பட்டிருக்கும். குதிரைத் திறனை அந்த எடையால் வகுத்து வைத்துக்கொண்டால், எந்தக் கார் முந்த வேண்டும் என்ற எதிர்பார்ப்பு கையில் இருக்கும். அளவு அதோடு ஒத்துவராத இடத்தில்தான் சாலை நமக்குப் புதிதாக ஏதோ சொல்கிறது.

இரண்டாம் படி: இரண்டு கார்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள்

பெரும்பாலான ஒப்பீடுகள் கெட்டுப்போவது இங்கேதான். என் முதல் முயற்சியில் என் ஸ்விஃப்டை நான் தனியாக ஓட்டி அளந்தேன். ஒரு வாரம் கழித்து சித்தப்பா மகனின் ஐ20 என் லைனை வீட்டார் மூவர் உடனிருக்க அளந்தேன். இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் எதிர்பார்த்ததில் பாதிகூட வரவில்லை. நான்கு பேரின் எடை எளிதாக 260 கிலோ ஆகும். அது சிறிய காரின் காலி எடையில் கால் பங்கை ஒட்டிய சுமை. அந்த நோட்டுப் பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

ஒரே நாள், ஒரே ஓட்டுநர், அளவு எடுக்க உடன் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வண்டிக்கும் ஒரே பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்புங்கள். டயர் காற்றை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். ஏசியை அணைத்துவிட்டு அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சித்திரை வெயிலில் மதுரையில் ஏசி இல்லாமல் யாரும் கார் ஓட்டுவதில்லை; எனவே இரண்டிலும் ஒரே அளவில் ஏசியைப் போட்டுக்கொண்டே அளக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஸ்பீடோமீட்டரை நம்பாதீர்கள்

காரின் ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தை விடக் குறைத்துக் காட்டாதபடி அமைக்கப்படுகிறது. அதனால் பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும், கூட்டும் அளவும் காருக்குக் கார் மாறும். ஆகவே கைபேசியில் ஜிபிஎஸ் வேகம் காட்டும் செயலியைத் திறந்து, உடன் இருப்பவரிடம் கொடுத்து, சீரான வேகத்தில் ஓட்டிக்கொண்டே, ஜிபிஎஸ் 40 என்னும்போது ஸ்பீடோமீட்டர் என்ன காட்டுகிறது, 80 என்னும்போது என்ன காட்டுகிறது என்று இரண்டு கார்களிலும் குறித்துக்கொள்ளுங்கள். நேரத்தை மட்டும் கைபேசி ஜிபிஎஸ்ஸால் அளக்காதீர்கள். அது பொதுவாக விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். ஆறு விநாடி நிகழ்வை அதைக்கொண்டு அளப்பது, ஒரு பிடி அரிசியை மூட்டைத் தராசில் வைத்து அளப்பதைப் போன்றது. மாறாக, ஸ்பீடோமீட்டரைப் பின்னிருக்கையிலிருந்து வீடியோ எடுத்து, வீட்டுக்கு வந்து, உண்மையான 80க்கு எனக் குறித்துவைத்த அளவை ஸ்பீடோமீட்டர் தொடும்வரை ஒவ்வொரு சட்டகமாக எண்ணி, விநாடிக்கு 30 சட்டகம் பதிவாகும் வீடியோ என்றால் 30ஆல் வகுத்தால் விநாடிக் கணக்கு துல்லியமாகக் கிடைத்துவிடும். விநாடிக்கு 10 முறை அளக்கும் தனி ஜிபிஎஸ் கருவி யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்குவது இன்னும் நல்லது.

நான்காம் படி: மூன்றாம் கியரில் 40 முதல் 80 வரை

தொடங்குமுன் ஒரு சொல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகப் போட்டியோ நடத்துவதைத் தடுக்கிறது. எனவே இரண்டு கார்களையும் அருகருகே விடாதீர்கள்; ஒரு கார் அளந்து முடித்து ஓரத்தில் நின்ற பிறகே அடுத்தது கிளம்பட்டும்; சாலைப் பலகையில் உள்ள வேக வரம்பை எந்த இடத்திலும் தாண்டாதீர்கள். நின்ற இடத்திலிருந்து 100 வரை அளந்தே தீர வேண்டுமென்றால், அதற்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரிலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன.

மேலூரைத் தாண்டி கொட்டாம்பட்டி நோக்கிப் போகும் நான்குவழிச் சாலை, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இதற்கு ஏற்றது. நேராகவும் பெரும்பாலும் சமமாகவும் உள்ள, ஊர்களும் பிரிவுச் சாலைகளும் இல்லாத ஒரு பகுதியை முதலில் மெதுவாக ஓட்டித் தேர்ந்துகொள்ளுங்கள். மூன்றாம் கியரில் சீராக 40இல் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதியுங்கள். மிதிக்கும் அதே கணத்தில் ஓட்டுநர் ‘இப்போ’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். வீடியோவில் பதிவாகும் அந்தக் குரலிலிருந்துதான் நேரத்தை எண்ண வேண்டும். முன்னதாகவே 30இல் மிதித்துவிட்டு 40ஐத் தொடும்போது எண்ணத் தொடங்கினால், டர்போ விழித்தெழ எடுத்துக்கொள்ளும் தயக்கம் கணக்கில் வராமலேயே மறைந்துவிடும். லாரிக்குப் பின்னால் நம்மைக் காக்க வைப்பதோ அந்தத் தயக்கம்தான்.

போகும் திசையில் மூன்று முறை, திரும்பும் திசையில் மூன்று முறை அளங்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவும் காற்றும் ஒரு திசையில் செய்யும் உதவியை மறு திசை இப்படித்தான் ஈடுகட்டும். ஆட்டோமேட்டிக் வண்டியைத் தனிப் பட்டியலில் எழுதுங்கள், ஏனெனில் அது தானே கியரைக் குறைத்துக்கொள்ளும்.

கிடைக்கும் விநாடியைச் சாலைத் தூரமாக மாற்றிப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும். சீராக வேகமெடுத்து ஒரு கார் 6 விநாடியிலும் மற்றொன்று 8 விநாடியிலும் 80ஐ எட்டுவதாக வைத்துக்கொள்வோம். 40இல் போகும் லாரியை முந்தி முடிக்க, அதை விட 33 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். முதல் கார் அதை 6 விநாடியில் முடிக்கும். அதற்குள் தானே 100 மீட்டர் ஓடியிருக்கும், எதிரே 60இல் வரும் பேருந்தும் 100 மீட்டர் வந்திருக்கும். இரண்டாவது காருக்கு ஏறத்தாழ 7 விநாடி ஆகும். தேவைப்படும் வெற்றுச் சாலை 200 மீட்டரிலிருந்து சுமார் 226 மீட்டராக நீளும். இரண்டு பேருந்துகளை வரிசையாக நிறுத்தினாலும் மிஞ்சும் அந்த இடைவெளிதான் பிக்-அப் என்ற சொல்லுக்கு நம் சாலையில் உள்ள பொருள்.

ஐந்தாம் படி: மலையேறிப் பாருங்கள்

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இங்கே விநாடிகளை எண்ண வேண்டாம். எந்த வளைவில் முதல் கியருக்கு இறங்க நேர்ந்தது என்பதை மட்டும் குறித்தால் போதும். இரண்டாம் கியரில் வளைவைத் திரும்பும்போது எஞ்சின் 1500க்குக் கீழே விழுந்தால், 172 நியூட்டன் மீட்டர் தரும் டர்போ வண்டிகூட அந்தக் கணத்தில் வெறும் ஒரு லிட்டர் எஞ்சினாகத்தான் இருக்கும். ஒரு நொடி சுணங்கும், பிறகு சட்டென்று பாயும். ஸ்விஃப்ட் அப்படிச் சுணங்காமல், மெதுவாக ஆனால் சீராக இழுக்கும். தாளில் தோற்ற கார் வளைவில் தோற்காமல் நிற்பதைக் கண்டபோதுதான் எனக்கு இந்த அளவெடுப்பில் உண்மையான ஆர்வம் பிறந்தது.

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் வரை போனால் கதை மீண்டும் மாறும். சுமார் 2100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் மதுரையை விட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. குளிர்ச்சி அதில் கொஞ்சத்தை ஈடுகட்டினாலும், டர்போ இல்லாத எஞ்சின் அங்கே மூச்சுவாங்குவது தெளிவாகத் தெரியும். டர்போ காற்றை அழுத்தி ஊட்டுவதால் பெருமளவு தாக்குப்பிடிக்கும்.

ஆறாம் படி: வெயிலிலும் பெட்ரோல் பங்கிலும்

காலை ஆறு மணிக்கு எடுத்த நான்காம் படி அளவை, அதே இடத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கும் எடுங்கள். டர்போ அழுத்தும் காற்று சூடேறும். அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் அனலில் திணறினால், எஞ்சினைக் காக்க அதன் கணினி திறனைக் குறைக்கும். அதனால் மூன்றாவது நான்காவது ஓட்டத்தில் நேரம் கூடிக்கொண்டே போனால் அதை அளவெடுத்த பிழை என்று தள்ளிவிடாமல் அப்படியே எழுதி வையுங்கள்.

மைலேஜை டேங்க் நிரப்பி டேங்க் நிரப்பும் முறையில், அதே பங்கில், அதே குழாயில், தானாக நிற்கும் முதல் ‘டக்’ ஒலியோடு நிறுத்தி அளங்கள். அதற்கு மேல் சொட்டுச் சொட்டாக ஊற்ற விடாதீர்கள். பழைய சோதனைக் கட்டுரைகளில் உள்ள மைலேஜோடு இதை நேரடியாக ஒப்பிட முடியாது. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கான ஆற்றல் பெட்ரோலை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு.

நோட்டில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரம், திசை, வெப்பநிலை, ஆட்களின் எண்ணிக்கை, டயர் காற்று ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் போடுங்கள். ஆறு அளவுகளில் நடுவில் விழும் இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே காரின் ஆறு ஓட்டங்களே தமக்குள் அரை விநாடி மாறுபட்டால், இரு கார்களுக்கு இடையே வரும் அரை விநாடி வித்தியாசத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாமல், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் மேலூருக்குப் போய் அளங்கள்.