மஞ்சள் தங்கம் அல்ல: விளைபொருள் முதலீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2010-ஆம் ஆண்டில் ஈரோட்டுச் சந்தையில் மஞ்சள் விலை குவிண்டாலுக்கு 16,000 ரூபாயைத் தாண்டியது. அதுவரை மஞ்சளைக் கையால் தொட்டிராதவர்கள்கூட மூட்டை மூட்டையாக வாங்கிக் கிடங்கில் அடுக்கினார்கள். விளைவித்தவர்களில் பலரும் இன்னும் ஏறும் என்று விற்காமல் வைத்திருந்தார்கள். 2012-இல் விலை 4,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது. கிடங்கு வாடகையும் கடன் வட்டியும் மட்டும் குறையவில்லை.

விளைபொருளில் பணம் போட நினைக்கும் ஒவ்வொருவரும் இந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். தங்கத்தைப் போல வாங்கி வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும் என்ற எண்ணம்தான் இங்கே முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து பிறப்பவை. தங்கம் பத்து வருடம் பீரோவில் கிடந்தாலும் தங்கம்தான். மஞ்சள் அப்படி இல்லை. வேகவைத்து, காயவைத்து, பாலீஷ் போட்டு மூட்டை கட்டிய பிறகும் ஈரம் ஏறினால் பூச்சி விழுந்து உளுத்துப்போகும். ஏலத்துக்கு வரும் வியாபாரி மாதிரித் தட்டிலிருந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்து ஒடித்துப் பார்ப்பார். உள்ளே நிறம் மங்கியிருந்தாலோ, சட்டென்று ஒடியாமல் வளைந்துகொடுத்தாலோ அவர் கேட்கும் விலை வேறு. செய்தித்தாளில் வரும் விலை நல்ல சரக்கின் விலை. உங்கள் மூட்டைக்குக் கிடைப்பது அதுவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியமானது. தங்கம் விலை ஏறியது என்பதற்காக அடுத்த வருடமே சுரங்கங்கள் பெருகிவிடுவதில்லை. மஞ்சள் ஏறினால் அடுத்த பட்டத்திலேயே வேறு பயிர் போட்டவர்கள் மஞ்சளுக்கு மாறுகிறார்கள். 2023-இல் சீரகம் குவிண்டால் 60,000 ரூபாயைத் தாண்டியபோதும் இதுதான் நடந்தது. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் சீரகப் பரப்பு விரிந்தது, 2024-இன் தொடக்கத்தில் விலை பாதிக்கும் கீழே போனது. உச்ச விலையைச் செய்தியில் படித்துவிட்டு வாங்கப் போகிறவர், விவசாயி விதைத்து முடித்த பிறகு வாங்கப் போகிறார்.

சரக்கை வைத்திருக்க முடியாது என்று புரிந்தவர்கள் அடுத்து, பின்னொரு நாளில் வாங்கவோ விற்கவோ இன்றே விலை பேசி ஒப்பந்தம் போடும் முன்பேரச் சந்தைக்கு வருகிறார்கள். 2003-இல் தொடங்கிய என்.சி.டி.இ.எக்ஸ். என்ற விளைபொருள் முன்பேரச் சந்தையில் மஞ்சள், சீரகம், கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். இங்கே நடக்கும் தவறு, ஒப்பந்தத்துக்கு முன்பணமாகக் கட்டும் மார்ஜின் தொகையை முதலீட்டுத் தொகை என்று நினைப்பது. மஞ்சளில் ஒரு லாட் (ஒரு ஒப்பந்தத்தின் அளவு) 5 டன், அதாவது 50 குவிண்டால். குவிண்டால் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு லாட்டின் மதிப்பு 7 லட்சம். மார்ஜினாக 15 சதவீதம் கேட்டால் உங்கள் கையிலிருந்து போவது 1,05,000 ரூபாய். குவிண்டாலுக்கு 100 ரூபாய் அசைந்தால் உங்களுக்கு 5,000 ரூபாய் லாபம் அல்லது நஷ்டம். ஒரே நாளில் 6 சதவீதம் இறங்கினால் 42,000 ரூபாய் போய்விடும். போட்ட மார்ஜினில் ஐந்தில் இரண்டு பங்கு. ஒரு நாளில் இறங்க அனுமதிக்கும் கீழ்வரம்பில் விலை முட்டி நின்றால் விற்க நினைத்தாலும் வாங்க ஆள் இருக்காது. மார்ஜினை நிரப்பச் சொல்லி புரோக்கரிடமிருந்து அழைப்பு மட்டும் வரும். ஒரு லாட்டுக்கு 7 லட்சம் மதிப்புள்ள சரக்கை வாங்குகிறோம் என்ற நினைப்போடு முடிவெடுங்கள். அந்த எண்ணிக்கை பயமுறுத்தினால், ஒரு லாட்டும் உங்களுக்குப் பெரியதுதான்.

ஒப்பந்தம் முடியும் நாளை மறந்துவிடுவது அடுத்தது. விளைபொருள் ஒப்பந்தங்கள் பெரும்பாலானவற்றில் டெலிவரி கட்டாயம். முடிவு நாளுக்கு முந்தைய சில நாட்களில், விற்றவர் சரக்கைக் கொடுக்க முன்வந்தால், வாங்கிய நிலையில் இருக்கும் யார் தலையிலும் அது விழலாம். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத மாதச் சம்பளக்காரர் தெலங்கானாவின் நிஜாமாபாத் கிடங்கில் இருக்கும் 5 டன் மஞ்சளை என்ன செய்வார்? எடுக்காவிட்டால் அபராதம். பல புரோக்கர்கள் அந்த நாட்களுக்கு முன்பே உங்கள் ஒப்பந்தத்தை விற்று முடித்துவிடுவார்கள். ஆனால் அது அவர்கள் பார்க்கும் விலையில் நடக்கும். அதற்குப் பயந்து அடுத்த மாத ஒப்பந்தத்துக்கு மாறிக்கொண்டே இருந்தால் வேறொரு செலவு. தூர மாத விலையில் கிடங்கு வாடகையும் வட்டியும் பெரும்பாலும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். ஒவ்வொரு முறை மாறும்போதும் அதைக் கட்டுகிறீர்கள். சந்தை விலை அப்படியே நின்றாலும் உங்கள் பணம் கரையும்.

அரசு என்ற பெரிய ஆட்டக்காரரைக் கணக்கில் சேர்க்காதவர்களும் உண்டு. 2021 டிசம்பரில் கொண்டைக்கடலை, கடுகு, சோயா, கோதுமை, பாசுமதி அல்லாத நெல், கச்சா பாமாயில், பாசிப்பயறு ஆகிய ஏழின் முன்பேர வர்த்தகத்துக்கு, சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி தடை விதித்தது. கையில் இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம், புதிதாக எடுக்க முடியாது. ஓராண்டுக்கு என்று வந்த அந்தத் தடை பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2022 மே மாதம் கோதுமை ஏற்றுமதிக்கும், 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கும் தடை வந்தது. உணவுப் பொருளின் விலை ஏறும்போது அரசு சும்மா இருக்காது, இருக்கவும் கூடாது. உங்கள் லாபம் இன்னொரு வீட்டின் மளிகைச் செலவு என்பதால் இந்தச் சந்தையின் விதி எப்போது வேண்டுமானாலும் மாறும்.

என்னை அதிகம் வருத்துவது, விளைபொருளில் நிலையான வருமானம் என்று யாரோ சொன்னதை நம்பிப் பணம் போட்டவர்களின் கதைதான். நேஷனல் ஸ்பாட் எக்ஸ்சேஞ்ச் என்ற சந்தையில் ஒரே சரக்கை இரண்டு நாளில் பணம் கட்டும் ஒப்பந்தத்தில் வாங்கி, 25 நாள் ஒப்பந்தத்தில் விற்கச் சொன்னார்கள். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு ஏறக்குறைய 15 சதவீத வருமானமாக வந்தது. வங்கி வைப்புத்தொகையைப் போல என்று எண்ணி ஓய்வுபெற்றவர்கள்கூடச் சேமிப்பைப் போட்டார்கள். 2013 ஜூலை 31 அன்று வர்த்தகம் நின்றது. ஏறத்தாழ 13,000 முதலீட்டாளர்களுக்கு வர வேண்டிய 5,600 கோடி ரூபாய் சிக்கிக்கொண்டது. கணக்கில் இருந்த சரக்கில் பெரும்பகுதி கிடங்குகளில் இல்லை. எந்தச் சரக்கு, எந்தக் கிடங்கு, யார் சரிபார்த்தார்கள் என்ற மூன்று கேள்விகளை முன்பே கேட்டிருந்தால் பலர் தப்பியிருப்பார்கள். நம் பக்கத்திலேயே 2012-இல் ஈமு கோழித் திட்டங்கள் விழுந்தன. நிலம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய பி.ஏ.சி.எல். நிறுவனம் 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று 2014-இல் செபி ஆணையிட்டது. மழையை நம்பி விளையும் பொருளில் மாதம் தவறாமல் ஒரே தொகை தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், பணம் விளைச்சலிலிருந்து வரவில்லை என்று பொருள்.

சர்க்கரை ஆலைப் பங்கை வாங்கினால் சர்க்கரையை வாங்கியதுபோல் என்பதும் பாதி உண்மைதான். 2023-இன் பிற்பகுதியில் உலகச் சந்தையில் சர்க்கரை 12 ஆண்டுகளில் காணாத உயரத்தில் இருந்தது. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டால் இந்திய ஆலைகள் அந்த விலைக்கு விற்க முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க வேண்டாம் என்று அரசு சொன்னதும் ஆலைப் பங்குகள் சரிந்தன. பங்கில் பொருளின் விலையோடு நிர்வாகம், கடன், கொள்கை எல்லாம் சேர்ந்து வருகின்றன. ஆனாலும் ஒரு லாட் எடுக்கும் அளவுக்கு வசதியில்லாதவருக்கு, நட்டத்தின் எல்லை தெரிந்த வழி இது என்பது என் கருத்து: போட்ட பணத்துக்கு மேல் போகாது.

தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இங்கே இ.டி.எஃப். (பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் நிதி) உண்டு, மஞ்சளுக்கோ சீரகத்துக்கோ இல்லை. அதனால் சிலர் வெளிநாட்டுச் செயலிகளில் காபி, கோகோ, சோளம் என்று மார்ஜினில் விளையாடப் போகிறார்கள். இந்தியாவிலிருந்து வெளிநாட்டுச் சந்தைக்கு மார்ஜின் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கியின் விதிகளில் அனுமதி இல்லை. பணம் மாட்டிக்கொண்டால் புகார் கொடுக்கவே தயங்க வேண்டியிருக்கும்.

வரியிலும் ஒரு குழப்பம். மஞ்சள் முன்பேரத்தில் வந்த லாபத்தை விவசாய வருமானம் என்று காட்டி வரி விலக்குக் கேட்க முடியாது. அது தொழில் வருமானம். சம்பளத்துக்கான எளிய படிவத்தில் அடங்காது.

இத்தனைக்குப் பிறகும் இறங்கத்தான் போகிறேன் என்பவர், ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு பட்டம் முழுக்க நோட்டில் எழுதிப் பார்க்கலாம். மஞ்சள் என்றால் மே, ஜூனில் நடவு. தை, மாசியில் புது மஞ்சள் சந்தைக்கு வரத் தொடங்கும். நடவுப் பரப்பு, மழை, தினசரி வரத்து மூட்டைகள், விரலி விலை, கிழங்கு விலை, முன்பேர விலை. பக்கத்திலேயே, இன்று ஒரு லாட் வாங்கியிருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்றும் எழுதுங்கள். பெருந்துறையிலோ கோபியிலோ ஒரு நாள் ஏலத்தையும் நேரில் போய்ப் பாருங்கள்.