பின்வாசல் ஷெட்டுக்குக் கூரை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தக்கலைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தேங்காயும் ரப்பர் ஷீட்டும் அடுக்கிவைக்க, அந்த வீட்டுத் தம்பி பின்பக்கம் தானே ஒரு ஷெட் கட்டிக்கொண்டிருந்தார். 10-க்கு 12 அடி, ஹாலோ பிளாக் சுவர், மேலே இரும்புப் பைப் சட்டம். வேலை சுத்தம். ஆனால் சுவரின் மேல்வரிசைக் கல்லில் துளை போட்டு ஆங்கர் போல்ட் அடித்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. 2015-ல் தோவாளையில் என் ஷெட்டுக்கு நானும் இதையேதான் செய்தேன்.

அளவு தப்புவது, மூலைமட்டம் பார்க்காதது எல்லாம் இரண்டே நாளில் தெரிந்துவிடும். காற்றும் மழையும் வந்த பிறகே தெரியும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கனமான கூரை பறக்காது என்று நம்புவது

"நல்ல கனமாட்டு இருக்குல்லா அண்ணே, எங்க போவப் போவுது?" என்றார் தம்பி.

கணக்கைப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் தகரம் சதுர மீட்டருக்கு 4, 5 கிலோ. என் ஷெட்டில் பைப்பையும் சேர்த்தால் சதுர மீட்டருக்கு 15 கிலோ இருந்திருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தமோ சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ. சரிவு குறைந்த கூரையைக் காற்று கீழே அமுக்குவதைவிட மேலே உறிஞ்சுவதுதான் அதிகம். முன்பக்கம் திறந்து கிடந்தால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து தள்ளும்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். விடிந்து போய்ப் பார்த்தால் என் கூரை முழுசாக எழும்பிப் பக்கத்து வாழைத்தோட்டத்தில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு வெல்டிங்கும் விடவில்லை, ஒரு போல்ட்டும் அறவில்லை. நாலு மூலை போல்ட்டிலும் ஆளுக்கொரு பிளாக் தொங்கிக்கொண்டிருந்தது! கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருப்பது அரை அங்குலச் சாந்து. அது பாரத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. கூரையைக் கல்லோடு கட்டினேன், கல்லை அஸ்திவாரத்தோடு கட்டவில்லை. தகரமும் பைப்பும் கூலியும் இரண்டாம் முறை செலவு. இன்றைக்கும் மேல்கல்லில் போல்ட் அடிப்பதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

செய்ய வேண்டியது இது. மூலைகளில் அஸ்திவாரத்திலிருந்தே 12 எம்எம் கம்பியை பிளாக்கின் பொந்து வழியாக ஏற்றி, பொந்தைக் கான்கிரீட்டால் நிரப்புங்கள். சுவருக்கு மேல் சுற்றிலும் கம்பி போட்டு 4 அங்குல கான்கிரீட் பெல்ட். மூலைக்கம்பியை மடக்கி அதற்குள் விடுங்கள். பெல்ட் இறுகும் முன்பே ஜே போல்ட்டை (ஜே எழுத்துபோல் அடி வளைந்த போல்ட்) நிறுத்தி, சட்டத்தை அதில் மாட்டுங்கள். மரக் கழுக்கோல் (கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டம்) என்றால் ஆணியை நம்பாதீர்கள், உருவிக்கொண்டு வரும். இரும்புப் பட்டையை கழுக்கோலுக்கு மேலே வளைத்து இரண்டு பக்கமும் முடுக்க வேண்டும்.

சுவர் எழும்பிவிட்டதா? தம்பிக்குச் சொன்னதையே சொல்கிறேன்: நாலு மூலையிலும் வெளியே இரண்டரை அடி குழி தோண்டி, ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்) நட்டு, கான்கிரீட் போட்டு, அதன் தலையைக் கூரைச் சட்டத்தோடு வெல்டு செய்யுங்கள். அவர் அன்று சாயங்காலமே குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார்.

திறந்த பக்கத்தை மேற்கே வைப்பது

ஆடிக்காற்று அடிப்பது மேற்கிலிருந்து, திறந்த பக்கம் அங்கே இருந்தால் நேராக உள்ளே புகுந்து கூரையைத் தள்ளும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் ஆடிக்காற்றையும் முப்பந்தல் காற்றாலைகளையும் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம்.

சரிவைக் குறைப்பது

தகரத்துக்கு 10 அடிக்கு 2 அடி. ஓட்டுக்கு இது காணாது, 6 அடியாவது வேண்டும்.

ஸ்குரூவைப் பள்ளத்தில் அடிப்பது

தண்ணீர் ஓடுவது தகரத்தின் பள்ளத்தில். மேட்டில் அடியுங்கள். ரப்பர் வாஷர் லேசாக அமுங்கினால் போதும், பிதுங்கினால் சீக்கிரம் வெடித்து ஒழுகும். அப்புறம், காற்று அதிகமாக இழுப்பது ஓரங்களிலும் மூலைகளிலும்தான். நடுவில் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் அடித்தாலும் ஓரத்தில் ஒவ்வொரு மேட்டிலும் அடியுங்கள்.

வெல்டிங் இடத்தைப் பூசாமல் விடுவது

வெல்டு செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்றில் துரு முதலில் பிடிப்பது அங்கேதான். கசடைத் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஜிங்க் பிரைமர் இரண்டு கை. தகரம் ஏற்றும் முன்பே பூசிவிடுங்கள், ஏற்றிய பிறகு மேல்பக்கத்துக்குப் பிரஷ் எட்டாது.