ரயிலை விட்டு இறங்கியதும் ஐந்து நிமிடம் உட்காருங்கள்

வேலை முடிந்து சென்னையின் பறக்கும் ரயிலில் வீடு திரும்புகிறவர்கள், இறங்கியதும் படிக்கட்டுக்கு ஓடாமல் பிளாட்பார பெஞ்சில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. நம்மோடு இறங்கிய கூட்டம் படிக்கட்டில் நெருக்கியடித்து, வெளியே ஷேர் ஆட்டோவுக்கு முண்டியடிக்கும் அதே ஐந்து நிமிடம்தான் இது. எப்படியும் நின்றுகொண்டே கழியப்போகிற நேரம், அதை உட்கார்ந்து கழிக்கிறோம், அவ்வளவுதான். தினமும் இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதால் மறக்கவும் மறக்காது. தியானம் செய்ய அலாரம் வைத்து, அதை அணைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவதைவிட இது எவ்வளவோ மேல். மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாகச் செய்தால் இதயத் துடிப்பும் சற்றுத் தணியும். கோட்டூர்புரம், கிரீன்வேஸ் சாலை மாதிரி உயரத்தில் இருக்கும் நிலையங்களில், ரயில் நகர்ந்த பிறகு வரும் அமைதியும் அடையாற்றுப் பக்கத்துக் காற்றும் அப்படி ஒரு சுகம்!

புறநகர் ரயில் நிற்கும் மாம்பலத்தில் மாலை நேரத்தில் இது நடக்காது, பெஞ்சில் இடமும் கிடைக்காது, அறிவிப்புச் சத்தமும் ஓயாது. இறங்கியதும் அரை மணிக்கு ஒன்றாக வரும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும் உட்கார வேண்டாம். அப்புறம், ராத்திரி ஆள் நடமாட்டம் குறைந்த பிறகு, முக்கியமாகத் தனியாக வரும் பெண்கள், கூட்டத்தோடு கூட்டமாகவே இறங்கிப் போய்விடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தை வீட்டு மொட்டைமாடியில் வைத்துக்கொள்ளலாம்.