செங்காந்தள் கிழங்கு அழுகலை நிறுத்திய விதம்

குமரி மாவட்டக் குலசேகரம் பக்கம் செங்காந்தள் வைத்தால் பெரிய தொல்லை கிழங்கு அழுகல்தான். தென்மேற்குப் பருவமழையில் பூத்த கொடி காய்ந்து, கிழங்கு உறங்கும்போது வடகிழக்குப் பருவமழையும் இங்கே கொட்டும். செம்மண், மணல், மட்கிய சாணம் சம அளவு கலந்து ஓரடி உயர மேட்டுப்பாத்தி போட்டேன்; தண்ணீர் வடிந்தது, அழுகல் நின்றது.

கலப்பை வடிவக் கிழங்கின் நுனியில்தான் முளைக்கண். அது ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது, பதமாக எடுங்கள். படுக்கவைத்து 3 அங்குல மண் மூடினால் போதும். இலைநுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பிடித்து ஏறும் என்பதால் மெல்லிய சுள்ளி நடவும். தடித்த கம்பைச் சுற்றாது. காலை வெயில், உச்சிவேளை நிழல் நல்லது. கொடி மஞ்சளானதும் நீரை நிறுத்துங்கள்.

செடி முழுக்கக் கோல்சிசின் நஞ்சு, கிழங்கைத் தின்றால் உயிரே போகும். கையுறை கட்டாயம், குழந்தைகளும் ஆடுமாடும் எட்டாத இடத்தில் மட்டுமே வையுங்கள்.