வெயில் காலத்தில் அனிமோனுக்கு ஒரு சின்ன ஃபேன்

அனிமோன் (பூப்போல விரியும் கடல் உயிரி) வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை மூடி போடுங்கள். 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை, நீர்ப்பரப்பின் மேல் காற்று சாய்வாகப் படும்படி மாட்டுங்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போவதால் சுமார் 2 டிகிரி குறையும். அனிமோனுக்கு 25 முதல் 27 டிகிரி நல்லது. 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், தன் உடம்புக்குள் வாழ்ந்து உணவு தரும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும், பாவம்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கும். பலரும் தவறுவது இங்கேதான்: குறைந்த அளவுக்கு உப்புநீரையே ஊற்றிவிடுகிறார்கள். தொட்டியில் (சம்ப் எனும் வடிகட்டும் துணைத் தொட்டி இருந்தால், அதில் மோட்டார் இருக்கும் அறையில்) ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் அதுவரை டிடிஎஸ் (கரைந்துள்ள உப்பு, தாதுக்களின் அளவு) பூஜ்யம் காட்டும் ஆர்ஓ டிஐ தண்ணீரை (வடிகட்டித் தாதுக்களை முழுதும் நீக்கிய நீர்) ஊற்றுங்கள். உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025-லேயே நிற்கும். மெட்ரோ வாட்டர், கேன் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அவற்றிலுள்ள தாதுக்கள் சேர்ந்துகொண்டே போகும்.

சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையின்போது காற்றே ஈரமாக இருப்பதால் ஃபேனால் பெரிய பலன் இராது. கத்திரி வெயிலில் அறையே 34 டிகிரி இருந்தால், அப்போதும் இது போதாது. சில்லரோ (தொட்டி நீரைக் குளிர்விக்கும் கருவி) ஏசியோதான் வழி.